கேச் புதிர்களில் ஆயத்தொலைவு எண்களைப் படிப்பது எப்படி? கோலாலம்பூரில் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஒளித்துவைத்த, கேச் எனப்படும் சிறு பெட்டியை அவர் தரும் ஆயத்தொலைவு எண்களைக் கொண்டு தேடிக் கண்டெடுத்து, உள்ளிருக்கும் பதிவுச் சுருளில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்து வரும் விளையாட்டு. அதில் புதிர் கேச் என்ற வகை உண்டு. வரைபடத்தில் கேள்விக்குறியாகத் தெரியும் புள்ளியில் பெட்டி இருக்காது; புதிரை விடுவித்தால் கிடைக்கும் எண்களில்தான் இருக்கும். கோலாலம்பூரில் புதிதாகச் சேர்பவர்கள் புதிரைச் சரியாக விடுவித்த பிறகும் தவறான இடத்தில் போய் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் தவறியது புதிரில் அல்ல, விடையாக வந்த எண்ணைப் படித்த விதத்தில். அதைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். திரையில் வடக்கையும் கிழக்கையும் குறிக்க ஆங்கில முதலெழுத்துகள் இருக்கும். இங்கே அவற்றுக்குப் பதிலாக வ, கி என்று எழுதுகிறேன்.

ஒரே இடத்துக்கு ஏன் இத்தனை விதமான எண்கள்?

இடம் ஒன்றுதான், கோணமும் ஒன்றுதான். டிகிரிக்குக் கீழே உள்ள மிச்சத்தை எப்படி எழுதுகிறோம் என்பதுதான் மாறுகிறது. பத்துமலையில் முருகன் சிலையின் அருகே உள்ள ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதை மூன்று விதமாக எழுதலாம்.

தசம டிகிரி: வ 3.2374°, கி 101.6839°
டிகிரியும் தசம நிமிடமும்: வ 3° 14.244', கி 101° 41.034'
டிகிரி, நிமிடம், விநாடி: வ 3° 14' 14.64", கி 101° 41' 02.04"

மூன்றும் ஒரே புள்ளி. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. ஜாதகமும் பஞ்சாங்கமும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. பாகை, கலை, விகலை என்று அங்கே எழுதுவதும் இதே அறுபதின் கணக்குத்தான். மற்றவர்கள் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளலாம். மாலை 3.30 மணி என்று நாம் புள்ளி வைத்து எழுதுகிறோம், ஆனால் அது மூன்றே கால் மணியைவிடச் சற்று அதிகமான 3.3 மணி நேரம் என்று யாரும் எண்ணுவதில்லை. மூன்றரை, அதாவது 3.5 மணி நேரம் என்று நமக்குத் தெரியும். ஆயத்தொலைவிலும் புள்ளியைக் கண்டவுடன் அது எதைப் பிரிக்கிறது என்று கேட்க வேண்டும். டிகிரியின் பின்னமா, நிமிடத்தின் பின்னமா, விநாடியின் பின்னமா? எண்ணைப் படிப்பதில் இந்தக் கேள்விதான் முதன்மையானது.

கேச்சர்கள் ஏன் நடுவில் உள்ள வடிவத்தையே பயன்படுத்துகிறார்கள்?

2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாள் டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருட்களை வைத்து ஒளித்துவிட்டு, இடத்தை இணையத்தில் அறிவித்தார். அவர் கொடுத்த எண்கள் வ 45° 17.460', மேற்கு 122° 24.800' என்ற வடிவத்திலேயே இருந்தன. அந்த வழக்கம் நிலைத்துவிட்டது.

வழக்கத்துக்கு அப்பால் இதற்குக் கடலோடிகள் தொடர்பான ஒரு வசதியும் உண்டு. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல். கடல் மைலின் அளவு 1,852 மீட்டர். எனவே நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறத்தாழ 1.85 மீட்டர் நகர்கிறோம். ஒருவர் நின்று கையை நீட்டித் தேடக்கூடிய தொலைவு அது. நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஐரோப்பாவில் தீர்க்கரேகை நிமிடம் அட்சரேகை நிமிடத்தைவிட மிகக் குறுகியது, அதற்குத் தனிக் கணக்குப் போட வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் கோலாலம்பூரில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம். ஆகவே எந்தத் திசையிலும் கடைசி இலக்கம் ஒன்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று மனக்கணக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எப்படி?

பின்னத்தை 60ஆல் பெருக்கினால் கீழிறங்குவோம், 60ஆல் வகுத்தால் மேலேறுவோம். 3.2374 என்பதில் 0.2374 × 60 = 14.244, ஆகவே 14.244 நிமிடம். அதில் 0.244 × 60 = 14.64, ஆகவே 14 நிமிடம் 14.64 விநாடி. திரும்பி வர, 14.64 ÷ 60 = 0.244, 14.244 ÷ 60 = 0.2374. முழு எண்ணைத் தொடக்கூடாது, பின்னத்தை மட்டுமே பெருக்க வேண்டும். செயலிகள் இதை நொடியில் செய்துவிடும் என்றாலும், முதல் பத்துப் புதிர்களுக்காவது தாளில் கையால் போட்டுப் பாருங்கள் என்றே சொல்வேன். கை பழகினால், தவறான எண்ணைக் கண்டதும் கண்ணே நிறுத்திவிடும்.

கூகுள் மேப்ஸில் போட்டேன், ஊருக்கு வெளியே எங்கோ காட்டுகிறது. ஏன்?

டிகிரிக்கும் நிமிடத்துக்கும் இடையில் இருந்த இடைவெளியைத் தொலைத்திருப்பீர்கள். வ 3° 14.244', கி 101° 41.034' என்பதை 3.14244, 101.41034 என்று தட்டினால், வரைபடம் அதைத் தசம டிகிரியாக எடுத்துக்கொள்ளும். அப்போது புள்ளி பத்துமலையிலிருந்து தெற்கே பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் மேற்கே முப்பது கிலோமீட்டரும் விலகி, கிள்ளானுக்கு வடக்கே காப்பார், மேரு பக்கம் போய் விழும். புதிர் கேச் ஒன்றின் உண்மையான இடம், வெளியிடப்பட்ட கேள்விக்குறிப் புள்ளியிலிருந்து பொதுவாக 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. எனவே கோம்பாக்கில் கேள்விக்குறி நிற்கும் புதிருக்குக் காப்பாரில் விடை வந்தால், காரை எடுப்பதற்கு முன்பு எண்ணைத் திரும்பப் பாருங்கள்.

கூகுள் மேப்ஸில் 3 14.244, 101 41.034 என்று இடைவெளி விட்டுத் தட்டினால் சரியாகவே புரிந்துகொள்ளும். தசம டிகிரியாக மாற்றி 3.2374, 101.6839 என்று போட்டாலும் சரி.

இதைவிடக் கண்ணில் படாத தவறு ஒன்றுண்டு. 14.244 நிமிடம் என்பதை 14 நிமிடம் 24.4 விநாடி என்று படித்துவிடுவது. அப்படிப் படித்தால் ஏறத்தாழ 300 மீட்டர் வடக்கே, குன்று இருக்கும் திசையில் போவோம். முப்பது கிலோமீட்டர்ப் பிழையை வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும், 300 மீட்டர்ப் பிழையை எதுவும் காட்டிக்கொடுக்காது. அங்கேயும் ஒரு மரமும் ஒரு வேலியும் இருக்கும், நாம் நம்பிக்கையோடு தேடிக்கொண்டே இருப்போம்.

புதிர் விடையாக வெறும் இலக்கங்களின் வரிசை மட்டும் வந்தால் எந்த வடிவம் என்று எப்படி அறிவது?

முதலில் இலக்கங்களை எண்ணுங்கள். கேச்சர்களின் வடிவத்தில் முழுமையாக எழுதினால் 15 இலக்கங்கள் வரும்: 03, 14, 244, 101, 41, 034. அவற்றில் 0, 3 என்ற தொடக்கமும் நடுவில் 101 என்பதும் கோலாலம்பூரில் எப்போதும் இருக்கும். வரிசையில் அவற்றைத் தேடுவது, பூட்டிய வீட்டில் வாசற்படியைக் கண்டுபிடிப்பதைப் போன்றது. ஒவ்வொரு குறியீடும் எந்த இலக்கத்தைக் குறிக்கிறது என்று தெரியாத புதிரில்கூட, 101 என்ற இடத்தில் ஒரே குறி இருமுறை வந்து நடுவில் வேறொன்று நிற்கும். அது 1 என்றும் நடுவில் நிற்பது 0 என்றும் உடனே தெரிந்துவிடும்.

14 இலக்கங்கள் வந்தால் குழப்பம் தொடங்கும். 03இல் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்ட நிமிட வடிவமாகவும் இருக்கலாம், 3.23740, 101.68390 என்று ஐந்து தசம இடங்கள் கொண்ட டிகிரியாகவும் இருக்கலாம். இங்கே கோலாலம்பூர் நமக்கு உதவுகிறது. நகரம் கிழக்கு 101° 36' முதல் 101° 46' வரையிலான பரப்புக்குள் அடங்கிவிடுகிறது. அதையே தசம டிகிரியில் எழுதினால் 101.60 முதல் 101.77 வரை. எனவே 101க்கு அடுத்த இலக்கம் 3 அல்லது 4 என்றால் அது நிமிடம்; 6 அல்லது 7 என்றால் அது டிகிரியின் பின்னம். நிமிடம் 60ஐத் தொட முடியாது என்பதால் இரண்டாவதில் ஐயத்துக்கே இடமில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்த ஒரு சோதனையைத்தான்.

பினாங்கில் இது எடுபடாது. தீவு 100.17 முதல் 100.35 டிகிரி வரை, அதாவது 100° 10' முதல் 100° 21' வரை பரந்திருப்பதால், 100க்கு அடுத்து 1 அல்லது 2 வந்தால் இரண்டுமே பொருந்தும். அங்கே இரு வடிவங்களிலும் புள்ளியை வைத்துப் பார்த்து, கேள்விக்குறியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு புதிரை முழுவதும் செய்து காட்ட முடியுமா?

இந்தப் பக்கத்துக்காகவே ஒன்று அமைக்கிறேன். அங்கே பெட்டி எதுவும் இல்லை. "பத்துமலைப் படிகளின் எண்ணிக்கையில் 28ஐக் கழித்தால் வடக்கின் கடைசிப் பகுதி. முருகன் சிலையின் உயரத்தில் முழு மீட்டர்களை மட்டும் எடுத்து, சிலை திறக்கப்பட்ட ஆண்டின் இலக்கங்களைக் கூட்டி அதில் கழித்தால் கிழக்கின் கடைசிப் பகுதி. வ 3° 14.___', கி 101° 41.___'."

படிகள் 272, 28 போக 244. வடக்கு முடிந்தது. சிலையின் உயரம் 42.7 மீட்டர், முழு மீட்டர் 42. திறக்கப்பட்ட ஆண்டு 2006; 2+0+0+6 = 8. 42இலிருந்து 8 போக 34. இங்கேதான் நிற்க வேண்டும். கிழக்கில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன, கையில் இரண்டு இலக்கங்கள்தான் இருக்கின்றன. 41.34 என்று எழுதினால் அது 41.340, சரியான விடை 41.034. இரண்டுக்கும் இடையே தரையில் ஏறத்தாழ 570 மீட்டர். மூன்று கட்டம் இருந்தால் மூன்று இலக்கம் வேண்டும், குறைந்தால் முன்னால் பூச்சியம் சேர்க்க வேண்டும்.

என் முதல் புதிரில் நான் செய்த தவறும் இதுவேதான். தித்திவங்சா ஏரிப் பூங்காவில் ஒரு பிற்பகல் முழுவதும் கல்லிருக்கைகளுக்கு அடியில் கைவிட்டுத் தேடினேன். வீடு திரும்பித் தாளை விரித்தபோது, 052 என்று இருக்க வேண்டிய இடத்தில் 52 என்று என் கையெழுத்தே தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து தாளில் முதலில் கட்டங்களை வரைந்துவிட்டுத்தான் எண்களை நிரப்புகிறேன்.

புதிர் அமைப்பவர்கள் சரிபார்க்கும் பொருட்டு எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகையைத் தருவதுண்டு. மேலே உள்ள விடைக்கு அது 32. ஆனால் பூச்சியம் இடம் மாறினாலும் விடுபட்டாலும் கூட்டுத்தொகை மாறாது, 41.34 என்று எழுதியவருக்கும் 32தான் வரும். கூட்டுத்தொகை பொருந்திவிட்டது என்ற நிம்மதியில் பூச்சியத்தை மறந்துவிடக்கூடாது.

தமிழ் எண்களில் புதிர் வருமா?

நம் ஊரில் தமிழர் ஒருவர் அமைத்தால் ஏன் வரக்கூடாது? 272ஐ ௨௭௨ என்று இட மதிப்பு முறையிலும் எழுதலாம், ௨௱௭௰௨ என்று நூறு, பத்துக் குறிகள் சேர்த்துப் பழைய முறையிலும் எழுதலாம். பழைய முறையில் குறிகளின் எண்ணிக்கையை வைத்து இலக்கங்களை எண்ணக்கூடாது, ஏனெனில் ௱, ௰ ஆகியவை இலக்கங்கள் அல்ல, மடங்குகள். ௪௰௧ என்பது மூன்று குறிகளாகத் தெரிந்தாலும் 41தான். மேலும் ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ என்ற எழுத்துகளைப் போலவே இருப்பதால், ஒரு வாக்கியத்துக்குள்ளேயே எண்ணை ஒளித்துவைக்க முடியும். அப்படி ஒரு புதிரை நம்மவர் யாரேனும் அமைத்தால் தேடிச் செல்வதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி இருக்கும்.

எது முன்னே வரும், வடக்கா கிழக்கா?

வடக்கே முதலில் வரும். சில கணினிக் கோப்பு வடிவங்கள் கிழக்கை முதலில் வைக்கும். ஆனால் அட்சரேகை 90ஐத் தாண்டாது என்பதால், 101 எங்கே நின்றாலும் அது கிழக்குத்தான். கழித்தல் குறி தெற்கையும் மேற்கையும் குறிக்கும்; மலேசியாவில் அது வந்தால் எங்கோ தவறியிருக்கிறோம்.

டிகிரியே இல்லாமல், ஆறு இலக்கங்களாக இரண்டு பெரிய எண்கள் வந்தால்?

அது பெரும்பாலும் யுடிஎம் கட்டமாக இருக்கும். அதில் பூமி 6 டிகிரி அகலமுள்ள 60 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, இடம் மீட்டரில் சொல்லப்படுகிறது. கிழக்கு 96° முதல் 102° வரையுள்ளது 47ஆம் வட்டாரம்; கோலாலம்பூர் முழுவதும் அதில் அடங்கும். மலாக்கா நகரம் 102ஐத் தாண்டிவிடுவதால் 48ஆம் வட்டாரத்துக்குப் போய்விடும். வட்டாரத்தின் நடுக்கோட்டுக்கு, அதாவது நமக்கு 99 டிகிரிக்கு, 500,000 என்ற மதிப்பைக் கொடுத்து அங்கிருந்து கிழக்கே மீட்டரில் அளப்பார்கள். வடக்கு எண் நிலநடுக்கோட்டிலிருந்து அளக்கப்படும். நம் பத்துமலைப் புள்ளிக்குக் கிழக்கு எண் 798 ஆயிரத்துச் சொச்சம், வடக்கு எண் 358 ஆயிரத்துச் சொச்சம். மற்ற நாடுகளுக்காக எழுதப்பட்ட விளக்கங்களில் வடக்கு எண் ஏழு இலக்கமாக இருக்கும் என்று படித்துவிட்டு, நம்முடையது ஆறாக இருப்பதைப் பிழை என்று எண்ண வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் அப்படி.

எழுத்தும் எண்ணும் கலந்து, இடையில் கூட்டல் குறியோடு வருகிறதே?

அது கூகுளின் பிளஸ் கோட். கோலாலம்பூரில் முழுக் குறியீடு எப்போதும் 6, பி, எம், 3 என்றே தொடங்கும். பத்து எழுத்துள்ள குறியீடு ஏறத்தாழ 14 மீட்டர்ச் சதுரத்தையே குறிப்பதால், கேச் தேடுவதற்கு அது சற்று அகலமானது. புதிர் அமைப்பவர் இதைப் பயன்படுத்தியிருந்தால் இன்னொரு எழுத்தோ துணைக் குறிப்போ தந்திருப்பார். திரும்பப் படித்துப் பாருங்கள்.

டபிள்யூஜிஎஸ் 84 என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதைக் கவனிக்க வேண்டுமா?

பூமியில் இடங்களை அளக்க எடுத்துக்கொள்ளும் ஓர் அடிப்படை அது. கேச் எண்கள் அனைத்தும் அந்த அடிப்படையிலேயே தரப்படுகின்றன. உங்கள் கைப்பேசியும் அதிலேயே இயங்குகிறது. மலேசியாவின் பழைய நில அளவை வரைபடங்கள் கெர்த்தாவ் என்ற வேறோர் அடிப்படையில் வரையப்பட்டவை. அவற்றிலிருந்து எண்ணை எடுத்து அப்படியே கைப்பேசியில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். பழைய வரைபடத்தைப் படமாக வைத்து அமைத்த புதிரில் மட்டும் இதை நினைவில் கொள்ளுங்கள்.

எண் சரி என்று புதிர்ப் பக்கத்தின் சரிபார்ப்பானும் சொல்லிவிட்டது. அங்கே போனால் பெட்டி இல்லையே?

அந்த நிலையில் எண்ணை விட்டுவிட்டுக் கண்ணைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் துல்லியம் ஏறத்தாழ 5 மீட்டர். உயரமான கட்டடங்களுக்கு இடையிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் அது மேலும் கூடும். பெட்டியை வைத்தவரின் கருவிக்கும் அதே குறை இருந்திருக்கும் என்பதால், இரண்டு பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்தால் பத்து மீட்டர் தள்ளித் தேட வேண்டியிருக்கும். திரையில் காட்டும் அம்பு கைப்பேசி நிலையாக இருக்கும்போது சுழன்றுகொண்டே இருக்கும். அதைத் துரத்தாமல், இருபது மீட்டர் தள்ளிப் போய், அங்கிருந்து நேராக நடந்து வந்து, தொலைவு மிகக் குறைவாகக் காட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு திசையிலிருந்தும் அதையே செய்யுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட பகுதியில், ஒருவர் ஒளித்துவைக்க விரும்பக்கூடிய மறைவு எது என்று பார்த்து, அங்கே முதலில் கையை விடுங்கள்.